லயன்ஸ் கழகத்தில் சேரக் கேட்கிறார்கள், கடைக்காரனுக்கு இது சரிவருமா?

உழவு மிஷின் கடை எழுதியது:

வணக்கம். ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். 2011 இல் மீள்குடியேறி வந்த புதிதில் ஒரு தறப்பாளுக்குக் கீழே நட்டும் போல்ட்டும் பெல்ட்டுமாகத் தொடங்கியது. இப்போது சீமெந்துத் தரை, தகரக் கூரை, கொஞ்சம் கடன். வயது 46.

கடைக்கு வந்துபோகும் வங்கி அண்ணா ஒருவர் லயன்ஸ் என்ற சேவைக் கழகத்தில் இருக்கிறார். "தம்பி, ஒருக்கா வந்து பாருமன்" என்று ஆறு மாதமாகக் கேட்டு, கடைசியில் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். விருந்தாளியாக இரண்டு கூட்டம் பார்த்தாயிற்று. மூன்றாவதில் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கூட்டம் ஒரு விடுதியின் மேல்மாடியில். ஏழு மணி என்றார்கள், ஏழே முக்காலுக்குத் தலைவர் மணி அடித்தார். உண்மையாகவே மணி, பித்தளையில். பக்கத்தில் சின்ன மரச்சுத்தியல். பெயரிங் தட்ட நல்ல சாமான் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அங்கே ஒருவரை ஒருவர் "லயன்" என்று பெயருக்கு முன்னால் போட்டுத்தான் கூப்பிட வேண்டுமாம். என் கடையில் 3,400 ரூபாய் பாக்கி வைத்திருக்கும் ஒருவரும் அதில் லயன். எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் டெயில் ட்விஸ்டர் என்று ஒருவர் எழும்பினார். வாலை முறுக்குகிறவர். அவருடைய வேலையே தண்டம் அறவிடுவதுதான். கூட்டத்தில் போன் அடித்தவருக்கு 100 ரூபாய். மனைவியின் பிறந்தநாளை மறந்தவருக்கு 200 (இது எப்படி அவருக்குத் தெரிந்தது என்று தெரியவில்லை). கடைசியில் என்னைப் பார்த்தார். சப்பாத்துப் போடாமல் செருப்போடு வந்ததற்கு 50. கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இங்கேதான் என் பிரச்சினை. அன்றிரவு வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். ஆம்பிளைகள் இருபது பேர் ஒரு இடத்தில் இருந்து, சாராயம் இல்லாமல், சண்டை இல்லாமல் வயிறு நோகச் சிரித்ததை நான் கடைசியாக எப்போது கண்டேன்? எங்கள் பக்கம் எட்டு மணிக்குக் கடை பூட்டினால் வீடு, இல்லாவிட்டால் தவறணை. செத்த வீட்டிலும் கோயிலிலும்தான் நாலு பேரை நின்று பார்ப்போம். சேவை என்று கூட்டிக்கொண்டு போனார்கள், எனக்குப் பிடித்தது அந்தச் சிரிப்புத்தான். அதைச் சொல்லிக்கொண்டு ஒரு சேவைக் கழகத்தில் சேர்வது சரியா?

மனைவி வேறு கேட்கிறாள்: "கோயில் தண்ணீர்ப்பந்தலுக்குக் கூப்பிட்டால் கடை பூட்ட ஏலாது எண்டுவீங்கள். இதுக்கு மட்டும் எப்பிடி ஏலுது?" பதில் இல்லை.

உள்ளே இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள். காசு எவ்வளவு இழுக்கும்? கோட்டு சூட்டுக் கட்டாயமா? உண்மையாக வேலை நடக்கிறதா, அல்லது ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாடசாலைப் பையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதோடு முடிகிறதா?

---

வவுனியா பழைய செயலாளர் எழுதியது:

தம்பி, நான் ஒரு கழகத்தில் 11 வருடம் இருந்தவன். இரண்டு தடவை செயலாளர், ஒரு தடவை பொருளாளர். இப்போது முழங்கால் விடுவதில்லை, விலகிவிட்டேன்.

முதலில் சிரிப்பு. அதற்கு வெட்கப்பட வேண்டாம். 1917 இல் சிக்காகோவில் இதைத் தொடங்கிவைத்த மெல்வின் ஜோன்ஸ் ஒரு காப்புறுதி முகவர். அவர் இருந்தது வியாபாரிகள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூடுகிற ஒரு வட்டத்தில். கூடிச் சாப்பிட்டு, ஆளுக்காள் வியாபாரம் பிடித்துக் கொடுப்பார்கள். இவ்வளவு கெட்டிக்காரர் சேர்ந்து இருக்கிறோமே, ஊருக்கும் ஏதாவது செய்தால் என்ன என்று கேட்டதில்தான் லயன்ஸ் வந்தது. கண் வேலைகூட 1925 இல் ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களுக்காக நில்லுங்கள் என்று கேட்ட பிறகு பிடித்துக்கொண்டதுதான். அதனால் சாப்பாடும் சிரிப்பும் முந்தி, சேவை பிந்தி. உம்முடைய வரிசை பிழையில்லை.

காசு. சந்தா கழகத்துக்குக் கழகம் மாறும். அதில் ஒரு பங்கு தலைமையகத்துக்கு டொலரில் போகிறது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்கு ஏறிய நேரம் நாங்கள் பட்ட பாடு பெரிய பாடு. கோட்டு எங்களிடம் கட்டாயமாக இருக்கவில்லை, பதவியேற்புக்கு மட்டும் போட்டோம். யூலையில் புது வருடம் தொடங்கும், தலைவரும் மாறுவார்.

நீர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கழகத்துக்கு இரண்டு கணக்கு இருக்க வேண்டும். ஒன்று நிர்வாகம்: சந்தா, டெயில் ட்விஸ்டர் தண்டம் எல்லாம் எங்களிடம் அதில்தான் போகும். மற்றது சேவை: ஊரில் சேர்த்த காசு. ஊர்க்காசு ஊருக்கே போக வேண்டும், அதில் நாங்கள் தின்ன ஒரு பற்றீஸ்கூட வாங்கக்கூடாது. இரண்டு கணக்கையும் காட்டச் சொல்லும். உடனே காட்டினால் சேரும். "அது பிறகு பார்ப்பம்" என்றால் 50 ரூபாயோடு தப்பினேன் என்று நினைத்துக்கொள்ளும்.

(டெயில் ட்விஸ்டருக்கே தண்டம் போட வேண்டும் என்றால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். எங்கள் காலத்தில் ஒரே ஒரு முறை சம்மதித்தோம். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும்.)

இனி வேலை. கண் முகாம் ஒன்றைச் சொல்கிறேன், விளங்கும். உள்ளே ஒரு கிராமத்துப் பாடசாலை. முதல்நாள் பின்னேரம் போய் மேசை கதிரை இழுத்துக் கூட்டி, அளவு நாடா பிடித்து 20 அடியில் சோக்கட்டியால் ஒரு கோடு. சுவரில் படம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஈ என்ற இங்கிலீசு எழுத்து மட்டும் உள்ள படம், கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டினால் சரி. விடிய ஆறு மணிக்கே 80 பேர் வாசலில். கிட்டப் பார்க்கிற கண்ணாடிக்குப் பேப்பரை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு அம்மா பேப்பரைத் திருப்பித் தந்துவிட்டு மடியில் இருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். வீட்டு அரிசி. சுளகு கேட்டார். அதைக் கொட்டி, பிளஸ் இரண்டு கண்ணாடியில் ஒருதரம், இரண்டரையில் ஒருதரம் கல்லுப் பொறுக்கிப் பார்த்தார். இரண்டரை சரி என்றார். அடுத்த முகாமிலிருந்து பேப்பரோடு ஒரு சுளகு அரிசியும் ஊசிநூலும் வைத்தோம்.

அந்த நாளில் படம் எடுக்கலாம், ஆள் நிறைய இருக்கும். வேலை அதற்குப் பிறகுதான். கண்புரை என்று 20 பேரைப் பிரித்தால், அதில் பாதிப் பேருக்குச் சீனி கூட, பிறஷர் கூட. அது கட்டுப்பாட்டுக்கு வராமல் வெட்ட மாட்டார்கள். கிளினிக் கொப்பியைப் பார்த்து, திகதியை எழுதி, அந்தத் திகதிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போக ஒருவர் வேண்டும். வெட்டின பிறகு கட்டு அவிழ்க்க ஒரு நாள், பிறகு பார்க்க இன்னொரு நாள். கண்ணுக்குள் தண்ணீர் படக்கூடாது, குனிந்து பாரம் தூக்கக்கூடாது. மாசியில் அரிவு நேரம் முகாம் வைத்து ஒரு தடவை கெட்டோம். திகதி வாங்கினவர்களில் ஒருவரும் வரவில்லை. வயலில் நெல் கிடக்கிறது, கண்ணைக் கட்டிக்கொண்டு யார் படுப்பார்கள்? ஒரு ஐயா "என்ர மாட்டை ஆர் அவிட்டுக் கட்டுறது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அதனால் உம்முடைய கழகத்திடம் கேளும்: முகாம் முடிந்து இரண்டாம் கிழமை வான் ஓட்டுகிறது யார்?

---

மல்லாவியான் எழுதியது:

எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த அமைப்பு என்று சொல்லவில்லை, ஆனால் எங்கள் பாடசாலையில் கொப்பி கொடுக்க வந்தவர்களைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பத்து மணி தொடக்கம் வெயிலில் நிறுத்தி, பன்னிரண்டரைக்கு வந்து, ஒரு பிள்ளை படத்தில் கண்ணை மூடிவிட்டது என்று கொப்பியைத் திருப்பி வாங்கி இரண்டாம் முறை கொடுத்தார்கள். அது என் மகள்.

எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்துக்கு மணியும் இல்லை, சுத்தியலும் இல்லை. ஒரு சாவு என்றால் வீட்டுக்கு 200 ரூபாய், கதிரை 120, தறப்பாள் ஆறு, பெரிய கிடாரம் மூன்று. போன் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் முற்றத்தில் நிற்கும். உள்ள சங்கத்தைத் திருத்துங்கள். புதிதாக எதற்கு?

---

விசுவமடு டீச்சர் எழுதியது:

மல்லாவித் தம்பி, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் மரண உதவிச் சங்கம் கண் வெட்டக் கூட்டிக்கொண்டு போகாது. இரண்டும் இருக்கட்டுமே.

நான் ஆறு வருடமாக லயன். மனைவியாக அல்ல, அங்கத்தவராக. 1987 வரை லயன்ஸில் பெண்களைச் சேர்க்கவில்லை என்று சொன்னால் எங்கள் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இன்றைக்கும் சில கூட்டங்களில் தேநீர் ஊற்ற வேண்டி வந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் டெயில் ட்விஸ்டரைப் பார்ப்பேன்.

சேர்ந்ததற்குக் காரணம் 2018 டிசம்பர் வெள்ளம். இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்து, தாழ்ந்த இடமெல்லாம் தண்ணீர். சனம் பாடசாலையில். விடிந்ததும் சோற்றுப் பார்சல், பாண், திரும்பவும் சோற்றுப் பார்சல் வந்தது. நாய்க்கும் போட்டோம். கேட்க வெட்கப்பட்டு ஒரு பிள்ளை என் காதுக்குள் கேட்டது: "டீச்சர், பாட் இருக்கா?" சாமான் கொண்டுவந்தவர்கள் எல்லாம் ஆம்பிளைகள், ஒருவருக்கும் மாதவிடாய்ப் பாட் ஞாபகம் வரவில்லை. அடுத்த வருடம் கேட்டவுடன் சேர்ந்தேன். இப்போது எங்கள் கழகத்தின் வெள்ளப் பட்டியலில் முதல் வரி அதுதான், இரண்டாவது காய்ந்த உள்ளாடை, அரிசி ஏழாவது.

கடைக்கார அண்ணா, உங்கள் மனைவியையும் சேருங்கள். அவருடைய கேள்வி நல்ல கேள்வி.

---

லியோ பெடியன் எழுதியது:

அண்ணை, நான் லியோ கழகம், லயன்ஸின் இளைஞர் பக்கம். இரத்ததான முகாமுக்கு மூன்று கிழமை போஸ்டர் ஒட்டினது நான், வீடுவீடாகப் போனது நான். அன்றைக்குத் தராசில் ஏற்றினால் 48.5 கிலோ. 50 வேண்டும் என்று இறக்கிவிட்டார்கள். பின்னேரம் வரை மற்றவர்களுக்கு நெஸ்கபேயும் பிஸ்கட்டும் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து அடுத்த முகாம், இப்போது 51. அம்மாவுக்குத்தான் சந்தோசம், முட்டை இறங்குகிறது என்று.

---

உழவு மிஷின் கடை எழுதியது:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. மல்லாவியான், உங்கள் மகளின் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

பொருளாளரிடம் கணக்குக் கேட்டேன். என் கடையில் பாக்கி வைத்திருப்பவர்தான் பொருளாளர் என்று அப்போதுதான் தெரிந்தது. மனிதர் உடனே இரண்டு கொப்பியையும் தூக்கி மேசையில் வைத்தார். ஒரு பற்றீஸும் பிழையான பக்கத்தில் இல்லை. (என் 3,400 எந்தக் கணக்கிலும் இல்லை, அது வேறு கதை.)

இரண்டாம் கிழமை வான் ஓட்டுகிறது யார் என்று தலைவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "உம்மட்ட சாமான் ஏத்துற வான் ஒண்டு நிக்குதெல்லோ?" என்று திருப்பிக் கேட்டார். போன செவ்வாய் கடையை மகனிடம் விட்டுவிட்டு, கண் வெட்டின நாலு பேரைக் கட்டு அவிழ்க்க ஏற்றிக்கொண்டு போய் வந்தேன். திரும்பி வரும்போது ஒரு ஆச்சி பின்சீற்றில் இருந்து என் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பரந்தன் தாண்டினதும் "தம்பி, உனக்கு இவ்வளவு நரையோ?" என்றார். காலையில் ஏறும்போது என்னைப் பெடியன் என்று நினைத்திருக்கிறார்.

நேற்று மூன்றாவது கூட்டம். செருப்புக்கு இடமில்லை என்று கிளிநொச்சியில் புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். புதுச் சப்பாத்துக்கு 50 ரூபாய் தண்டம்.