ஸ்லோன் தரவில் கேலக்ஸி நிறை குறைவாக வருகிறது, உதவி தேவை (அவசரம்)

நள்ளிரவு_வானம்:
எம்.எஸ்சி புராஜெக்ட். ஸ்லோன் வானக் கணக்கெடுப்பில் (சர்வே) இருந்து 2,000 கேலக்ஸி எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள விண்மீன்களின் மொத்த நிறையைக் கணக்கிட்டேன். ஏற்கெனவே வெளியான அட்டவணையில் இருப்பதைவிட எல்லாமே குறைவாக வருகிறது. மூன்று நாளாகப் பார்க்கிறேன், கோடில் தப்பு எதுவும் தெரியவில்லை. திங்கட்கிழமை ரிவ்யூ. யாராவது சொல்லுங்கள்.

குமரிமுனை:
எவ்வளவு குறைவு? எந்த அட்டவணை? எந்த மென்பொருள்? எந்த மேக்னிட்யூட் (ஒளி அளவு, எண் குறைந்தால் ஒளி அதிகம்)?

தூசிப்படலம்:
இது ஐ.எம்.எஃப் (விண்மீன்கள் பிறக்கும்போதைய நிறைப் பகிர்வு) பிரச்சினைதான். பிறக்கும் விண்மீன்களில் சிறியது எத்தனை, பெரியது எத்தனை என்பதை ஆளாளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். சால்பீட்டர் 1955இல் சொன்ன விகிதத்தை வைத்தால் நிறை கூடும், சேப்ரியர் வைத்தால் குறையும். கிட்டத்தட்ட 1.7 மடங்கு. போன வருடம் நானே இதில் ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

பழைய_ஆப்சர்வர்:
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கோடைத் தொடுவதற்கு முன் சர்வேயின் ஆவணத்தைப் படியுங்கள் என்று இங்கே எத்தனை பேருக்குத்தான் சொல்வது? ஹபிள் மாறிலியை (பிரபஞ்சம் விரியும் வீதம்) 100 என்று வைத்திருப்பீர்கள். 70 ஆக்கினால் தூரம் கூடும், நிறை இரண்டு மடங்காகும். வேறு ஒன்றும் இருக்காது.

நள்ளிரவு_வானம்:
மன்னிக்கவும் ஐயா. ஹபிள் 70தான். அட்டவணை எம்.பி.ஏ-ஜே.எச்.யூ குழு ஸ்லோன் தரவில் செய்தது. சிகால் மென்பொருள், சேப்ரியர் ஐ.எம்.எஃப். ரெட்ஷிஃப்ட் (தூரத்தைக் காட்டும் சிவப்பு நகர்ச்சி) நிறமாலையில் எடுத்தது. ஐந்து ஃபில்டரும் இருக்கிறது.

குமரிமுனை:
அந்த அட்டவணை க்ரூபா என்ற இன்னொரு ஐ.எம்.எஃப்பில் செய்தது. சேப்ரியரோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்ன வித்தியாசம்தான் வரும். அதைவிட முக்கியம், ஐ.எம்.எஃப்பும் ஹபிளும் எல்லா கேலக்ஸியையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நகர்த்தும். உங்களுக்கு அப்படியா, இல்லை ரெட்ஷிஃப்டோடு வித்தியாசம் மாறுகிறதா? படம் போட்டுப் பாருங்கள். மேக்னிட்யூட் எந்த நெடுவரிசை என்று இன்னும் சொல்லவில்லை.

நெல்லை_தரவு:
இவ்வளவு சிரமம் எதற்கு? அட்டவணை நிறையை விடையாக வைத்து, ஐந்து நிறத்தையும் கொடுத்து ஒரு ரேண்டம் ஃபாரஸ்ட் (இயந்திரக் கற்றல் முறை) பழக்கினால் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

தூசிப்படலம்:
முடியும், ஆனால் அட்டவணை செய்த ஊகங்களையும் சேர்த்தே அது கற்றுக்கொள்ளும். ஸ்லோன் முதன்மைத் தொகுப்பு ஆர் ஃபில்டரில் 17.77 மேக்னிட்யூட் வரைதான், அதைவிட மங்கலானது இல்லை. அதில் பழகியதை மங்கலான கேலக்ஸிக்குப் போட்டால் என்ன வரும்? தூசியால் சிவந்ததா, வயதாகிச் சிவந்ததா என்று ஐந்து நிறத்தை வைத்துப் பிரிப்பதே கஷ்டம்.

நெல்லை_தரவு:
சிலியில் ரூபின் தொலைநோக்கி 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டுவிட்டது. கோடிக்கணக்கான கேலக்ஸி வரப்போகிறது, பெரும்பாலானவற்றுக்கு நிறமாலையே கிடையாது. ஒவ்வொன்றையும் சிகாலில் ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா?

தூசிப்படலம்:
வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிழை எவ்வளவு என்று தெரியாத வேகம் வேண்டாம் என்கிறேன்.

பழைய_ஆப்சர்வர்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள்.

நள்ளிரவு_வானம்:
படம் போட்டேன். மாறுகிறது! ரெட்ஷிஃப்ட் 0.03 பக்கம் 0.8 டெக்ஸ் (10இன் அடுக்கு, அதாவது சுமார் 6 மடங்கு) குறைவு, 0.15 பக்கம் 0.4. ஒரு கேலக்ஸி: ரெட்ஷிஃப்ட் 0.031, நிறையின் மடக்கை அட்டவணையில் 10.5, எனக்கு 9.7. மேக்னிட்யூட் ஃபைபர்மேக். நிறமாலையும் ஃபைபர் என்ற ஒளியிழையில்தானே எடுக்கிறார்கள், இரண்டும் பொருந்தட்டும் என்று அதை எடுத்தேன்.

குமரிமுனை:
அதுதான் காரணம். ஃபைபர்மேக் என்பது நடுவில் 3 ஆர்க்செகண்ட் வட்டத்துக்குள் விழும் ஒளி மட்டும். 0.03இல் அந்த வட்டம் சுமார் 6,000 ஒளியாண்டு அகலம்தான், கேலக்ஸியின் நடுப்பகுதியை மட்டும் எடை போட்டிருக்கிறீர்கள். 0.1இல் அதே வட்டம் 18,000 ஒளியாண்டு. தூரம் போகப் போக முழு கேலக்ஸியும் உள்ளே வருகிறது, அதனால் வித்தியாசம் குறைகிறது. அதே கேலக்ஸிக்கு ஆர் ஃபில்டரில் பெட்ரோமேக் (ஏறக்குறைய முழு கேலக்ஸியின் ஒளி) என்ன?

நள்ளிரவு_வானம்:
ஃபைபர் 17.1, பெட்ரோ 15.2.

குமரிமுனை:
1.9 வித்தியாசம். 2.5ஆல் வகுத்தால் 0.76. உங்கள் 0.8இல் கிட்டத்தட்ட முழுவதும் இங்கேயே இருக்கிறது. பெட்ரோமேக் அல்லது சிமாடல்மேக் (இதுவும் முழு கேலக்ஸியின் ஒளிதான்) போட்டு மறுபடி ஓட்டுங்கள். அட்டவணையிலும் ஃபைபர் நிறை, மொத்த நிறை என்று இரண்டு நெடுவரிசை உண்டு. ஒப்பிடும்போது மொத்தத்தை எடுங்கள்.

பழைய_ஆப்சர்வர்:
ஆவணத்தில் இதெல்லாம் தெளிவாகவே இருக்கிறது.

தூசிப்படலம்:
ஐயா, ஆவணத்தைப் படித்தும் நீங்கள் ஹபிள் என்றுதானே சொன்னீர்கள். நானும் ஐ.எம்.எஃப் என்று தப்பாகச் சொன்னேன். ரெட்ஷிஃப்டோடு மாறுகிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நள்ளிரவு_வானம்:
பெட்ரோ போட்டு ஓட்டினேன். சராசரி வித்தியாசம் 0.09, சாய்வும் போய்விட்டது. ரொம்ப நன்றி அண்ணா. ரிவ்யூ ஸ்லைடு செய்யப் போகிறேன்.

குமரிமுனை:
நல்லது. அந்த 0.09ஐ அப்படியே விடாதீர்கள். ஸ்லோன் தரும் மேக்னிட்யூடில் நம் பால்வெளியின் தூசி கழிக்கப்பட்டிருக்காது, அதற்குத் தனி நெடுவரிசை உண்டு. ஐந்து ஃபில்டரிலும் கழித்தீர்களா?