சர்வீஸ் முடிந்த ஆம்ப், அளவெல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செம்புக்கம்பி:
அவுட்புட் ஷார்ட் ஆகி வந்த ஸ்டீரியோ ஆம்ப். அவுட்புட் டிரான்சிஸ்டர்களான 5200, 1943 ஜோடி, டிரைவர், எமிட்டர் ரெசிஸ்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. சப்ளை பிளஸ் மைனஸ் 42 வோல்ட். அவுட்புட்டில் டிசி (ஒரே திசை மின்சாரம்) 10 மில்லிவோல்ட்கூட இல்லை. பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் அந்த டிரான்சிஸ்டர்களில் ஓடும் சின்ன மின்னோட்டம்) அசையாமல் நிற்கிறது. இதற்கு மேல் ஒரு ஆம்ப்பிடம் என்ன கேட்பது? ஆனால் ஆன் செய்து சில நொடிகளில் வர வேண்டிய அந்த 'டக்' வரவே இல்லை. ஸ்பீக்கரை ஆம்ப்போடு சேர்க்கும் ரிலே (மின்சாரத்தால் மூடும் சுவிட்ச்) பிடிக்கவில்லை. ஸ்கோப் வைத்தால் ரிலேவுக்கு முன்னால் வரை சைன் வேவ் சுத்தமாக இருக்கிறது, அதைத் தாண்டினால் வெறும் கோடு.

அந்த ரிலேவை ஆட்டுவிக்கும் புரொடெக்‌ஷன் ஐசி யுபிசி1237. அவுட்புட்டில் டிசி வந்தால் கண்டுகொள்ளும் 2-வது பின்னில் ஒன்றுமில்லை. ஓவர்லோடு பார்க்கும் 1-வது பின்னும் அமைதி. 8-வது பின்னில் சப்ளை இருக்கிறது. ஐசியையே கழற்றிவிடலாம் என்று சாலிடரிங் அயர்னைச் சூடாக்கிவிட்டு, கடைசியாக 4-வது பின்னைப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஏசி வருகிறதா என்று அந்த ஐசி பார்த்துக்கொள்வது அங்கேதான். ஏசி வரவில்லை என்றால், பவரை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்து ரிலேவை விட்டுவிடும். அந்த வழியில் இருந்த ஒரு ரெசிஸ்டர் ஓப்பன். மேலே கருகவில்லை, நிறக்கோடுகள்கூட மங்கவில்லை. மீட்டர் வைத்தால் முடிவே இல்லாத மின்தடை. புதியது போட்டதும் 'டக்'.

பவர் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ரெசிஸ்டர் கண்ணில் பட்டே இருக்காது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய ரேடியோ:
உங்களுக்கு 'டக்' வரவில்லை. எனக்கு 'டக்' வந்தும் சத்தம் வரவில்லை. இடது சேனல் மட்டும் ஊமை. வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் கரகரவென்று பிடித்துக்கொள்ளும், இறக்கினால் மறுபடி போய்விடும். ஆன் செய்தபடியே ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ரிலேவின் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினேன். பாட்டு அறை முழுக்க முழங்கியது! இரண்டு நொடி. அப்புறம் மறுபடி மௌனம்.

காரணம் பிறகு புரிந்தது. அவுட்புட் ஷார்ட் ஆகும்போது முழு சப்ளை டிசியும் ஸ்பீக்கருக்குப் போகப் பார்க்கிறது, ரிலே அதை வெட்டுகிறது. ஏசி ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அப்படி அணையாது, இழுத்துக்கொண்டே எரியும். ரிலேவுக்குள் தொட்டுப் பிரியும் கான்டாக்ட் அதில்தான் பொசுங்கியிருந்தது. டிரான்சிஸ்டரை மாற்றியவர்கள் ரிலேவைத் தொடவே இல்லை.

நடுராத்திரி சர்வீஸ்:
ரிலே கான்டாக்டை ஒரு துண்டு சாண்ட்பேப்பரால் தேய்த்தால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் கான்டாக்ட் இரண்டையும் ஒரு வயரால் சேர்த்துவிட்டு ஸ்பீக்கரில் கேட்டுப் பார்ப்பேன். சத்தம் வந்தால் ரிலே கெட்டது, வராவிட்டால் வேறெங்கோ. என் கதை சின்னது: பழைய இன்டகிரேட்டட் ஆம்ப், சர்வீஸுக்குப் போய்த் திரும்பியது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பின்பக்கம் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' இரண்டையும் இணைத்து, ப்ரீஆம்ப் பாதியிலிருந்து பவர் ஆம்ப் பாதிக்குப் பாட்டைக் கொண்டுபோகும் யு வடிவக் கம்பிகள் இல்லை. கழற்றியவர் திரும்பப் போடவில்லை. இரண்டு ஆர்சிஏ கேபிளை அங்கே செருகினேன், பாடியது.

ஓம் விதி:
@நடுராத்திரி சர்வீஸ், யு வடிவக் கம்பி கதை சரி. ஆனால் மற்ற இரண்டும் ஆபத்து, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஒன்று, அந்த கான்டாக்ட் மேல் இருப்பது பெரும்பாலும் வெள்ளிக் கலவை. சாண்ட்பேப்பர் அதைச் சுரண்டிவிடும். நாலு நாள் பாடும், பிறகு முன்பைவிட மோசமாகும். இரண்டு, ரிலேவை வயரால் சேர்ப்பது. இப்போதுதான் ரிப்பேர் முடிந்த ஆம்ப், ரிலே பிடிக்க மறுக்கிறது என்றால் அவுட்புட்டில் டிசி இருக்க வாய்ப்பு அதிகம். 8 ஓம் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் டிசிக்கு 6 ஓம் பக்கம்தான். செம்புக்கம்பி சொன்ன 42 வோல்ட்டை அதில் வைத்துப் பாருங்கள்: 7 ஆம்பியர், ஏறத்தாழ 300 வாட், அத்தனையும் சூடாக. கோன் ஒருமுறை வெளியே துருத்திக்கொண்டு அப்படியே நிற்கும், புகை வரும், முடிந்தது. நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். கோன் திரும்பி உள்ளே வராமல் நின்ற அந்த ஒரு கணம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஸ்பீக்கர் என்னுடையதுகூட இல்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டரை ஒரு பவர் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்யுங்கள், ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். சீரிஸ் பல்பு (மெயின்ஸ் லைனில் ஆம்ப்போடு தொடராகப் போடும் பல்பு) போட்டு ஆன் செய்து, அது ஒரு மின்னு மின்னி மங்குகிறதா பாருங்கள். மங்கினால் ரிலேவுக்கு முன்னால் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஃபீட்பேக் ரெசிஸ்டர், இன்புட் ஜோடி, மாற்றிப்போட்ட சின்ன டிரான்சிஸ்டர்கள் என்று வரிசையாகப் பாருங்கள். 2சி1815-க்குப் பதிலாக பிசி547 போட்டிருந்தால் கால் வரிசையைக் கட்டாயம் பாருங்கள்: தட்டைப் பக்கம் நம்மைப் பார்த்திருக்க, முதலாவதில் பேஸ் ஓரத்தில், இரண்டாவதில் நடுவில். ஓட்டை அளவு பொருந்துகிறது என்று அப்படியே செருகிவிடுகிறார்கள். ஹீட்சிங்கில் மைக்கா ஷீட் (டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மின்காப்பு) கிழிந்திருக்கிறதா என்று கலெக்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே கன்டினியுட்டி பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்பீக்கர், அதுவும் முதலில் பழைய மட்டமான ஒன்று.

டிசி ஆஃப்செட்:
@ஓம் விதி சொன்ன சீரிஸ் பல்பில் ஒரு சிக்கல், அதுவே என் கதை. பல்பு மங்கித்தான் எரிந்தது, டிசியும் சுத்தம், ஆனால் ரிலே மட்டும் பிடிக்கவில்லை. அந்த ஆம்ப்பில் ரிலே காயிலுக்குத் தனி சப்ளை கிடையாது, மெயின் சப்ளையிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் எடுக்கிறது. பல்பு வோல்டேஜைச் சாப்பிட்டுவிட்டதால் காயிலுக்குப் போதவில்லை. மெயின் சப்ளை பாதிக்குப் பக்கத்தில்தான் நின்றது. பல்பைக் கழற்றியதும் 'டக்'. ஆக, பல்பில் ரிலே பிடிக்காததை வைத்து புரொடெக்‌ஷன் போர்டைக் குறை சொல்ல முடியாது. சப்ளை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நாலு கால் ஐசி:
எல்லோரும் டிரான்சிஸ்டர் பற்றியே பேசுகிறீர்கள். என்னுடையது டிடிஏ7294, பவர் ஆம்ப் மொத்தமும் ஒரே ஐசியில். புது ஐசி போட்டும் ஊமை. 9-வது பின் ஸ்டான்ட்பை, 10-வது பின் ம்யூட், இரண்டும் 3.5 வோல்ட்டைத் தாண்டினால்தான் வாய் திறக்கும். 10-வதில் ஒரு வோல்ட்தான் இருந்தது. அங்கே இருந்த 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் லீக் ஆகி, வோல்டேஜை ஏற விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கெப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்கியதும் பாடத் தொடங்கியது. பழைய ஐசியும் அநேகமாக நல்லதுதான்.

நடுராத்திரி சர்வீஸ்:
@ஓம் விதி, சாண்ட்பேப்பர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். வயர் விஷயத்தில் நான் டிசியை அளந்த பிறகுதான் சேர்ப்பேன், அளக்காமல் இல்லை.

ஓம் விதி:
அளந்தபோது இல்லாத டிசி, சூடான பிறகு வரலாம். ட்ரை சாலிடர் (சரியாக ஒட்டாத சாலிடர்) ஒன்று போதும். வயருக்குப் பதிலாக ரிலேவுக்கு முன்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு அதன் வழியாக ஹெட்ஃபோனில் கேளுங்கள், அதைக் காதில் மாட்டாமல் மேசையில் வைத்து. பாட்டு வருகிறதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய ரேடியோ:
ரிலே மாற்றப் போகிறவர்களுக்கு: காயில் வோல்டேஜ் 12, 24, 48 என்று பல உண்டு, பழையதன் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். எனக்கு முன்னால் அந்த ஆம்ப்பைத் திறந்த ஒருவர் வலது சேனலில் 24-க்கு 48 போட்டிருந்தார். அது பிடிக்கும் சத்தமே கேட்கவில்லை.