நகர மன்றத் தேர்தல்: கையெழுத்து வாங்க, கணக்குப் பார்க்க ஆள் தேவை

அமெரிக்காவில் நம் நகர மன்றத்துக்குப் போட்டியிடும் வழக்கறிஞருக்குத் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். வேட்புமனுவுக்கான கையெழுத்துதான் முதல் வேலை. கேட்கப்படும் எண்ணிக்கையைவிட ஒன்றரை மடங்கு வாங்கினால்தான் நிம்மதி. வீடு மாறியும் வாக்காளர் பதிவில் பழைய முகவரியே இருப்பவர்கள், தொகுதி எல்லைக்கு எதிர்ச்சாரியில் வசிப்பவர்கள் என்று நிறைய பேர் கழிந்துபோவார்கள். கணவருக்கும் சேர்த்து மனைவியே போடும் கையெழுத்து செல்லாது. நம்மவர் வீடுகளில் இது சகஜம், கவனம். பேனாவை நீட்டுமுன் பட்டியலில் பெயரைப் பாருங்கள்.

துண்டறிக்கையைத் தபால் பெட்டிக்குள் போடவே கூடாது. தபால்தலை இல்லாமல் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கதவுக் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள்.

பணம் பற்றி: குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டுமே நன்கொடை தரலாம். எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. உள்ளூர்த் தேர்தலுக்கும் இந்தத் தடை உண்டு. நண்பர் பெயரில் கொடுப்பதும் அதே தப்புதான். விசாவில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் வந்து உழைக்கலாம், ஆனால் செலவு முடிவுகளில் தலையிடக் கூடாது.

ஒரு பொருளாளரும் வேண்டும், வேட்பாளரின் அலுவலகத்தைச் சாராதவராக இருந்தால் நல்லது. சட்ட அலுவலகப் பிரிண்டரில் அடித்த நோட்டீஸ்கூடப் பொருளாகத் தந்த நன்கொடையாகக் கணக்கில் ஏற வேண்டியிருக்கும். வழக்குக்காக அவரிடம் வரும் கட்சிக்காரர்களின் தொலைபேசி எண்களைப் பிரசாரத்துக்கு எடுக்கவே கூடாது.

எந்த நாள் வரமுடியும், கார் உண்டா, ஸ்பானிஷ் தெரியுமா என்று எழுதுங்கள்.