குளம்பழற்சியா, மடலழற்சியா?

குழுவினர்க்கு வணக்கம். குதிரை வளர்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'லேமினைடிஸ்' நோய்க்கு ஒரு சொல் தாருங்கள். குளம்போட்டையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் அழன்று பிடிப்பை விட்டுவிட, எலும்பு உள்ளேயே சாய்ந்துவிடும் நோய் இது. 'குளம்பு நோய்' போதுமா?

---

போதாது. கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், ஊரில் அதைக் கோமாரி என்றே எடுத்துக்கொள்வார்கள். கோமாரி குதிரைக்கு வராது. ஈரக் கொட்டிலில் நின்று குளம்பின் அடி அழுகி நாறுவதும் வேறு நோய். அதற்குக் கொட்டிலைக் காயவிட்டுக் குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கோ முதலில் தானியத்தை நிறுத்த வேண்டும். என் பரிந்துரை: குளம்பழற்சி.

---

குளம்பு மென்றொடர்க் குற்றியலுகரம். உகரம் கெட்டுப் புணர்ந்தது, புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் அழல்வது குளம்பன்று, உள்ளடுக்கு. வாழைமடல்போல் அடுக்கியிருப்பதால் 'மடலழற்சி' என்க. மடலுக்கும் குதிரைக்கும் உறவும் பழையது: காதல் கைகூடாத சங்கத் தலைவன் ஏறியது பனைமடலால் செய்த குதிரை, மடல்மா அல்லவா?

---

ஐயா, பனைமடல் குதிரைக்குத் தீனியும் இல்லை, நோயும் இல்லை! இக்குழுவில் மடல் என்றால் கடிதம். மடலழற்சி நமக்குத்தான் வந்திருக்கிறது. பழைய கிரேக்கர் இதைப் பார்லியின் பெயரால் அழைத்தார்கள். நாம் 'கொள்ளுவாதம்' என்றால் குதிரைக்காரருக்குச் சட்டெனப் புரியுமே?

---

புரியும், தப்பாக. கொள்ளை நிறுத்தினால் போதும் என்று செழும்புல்லில் அவிழ்த்துவிடுவார்கள். புல்லின் சர்க்கரையாலும் இன்சுலின் மிகுதியாலும் இது வரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவாமல் விட்டால் முன்விளிம்பு நீண்டு, ஏற்கெனவே தளர்ந்த பிடிப்பை ஒவ்வொரு அடியிலும் நெம்பும். தீனி மட்டும் பார்த்தால் ஆகாது, லாடக்காரரும் வேண்டும்.

---

இதை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறாரே! பாண்டிய நாட்டில் கடல்வழி வாங்கிய குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள், பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்தன என்கிறார். 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' என்று பட்டினப்பாலை...

---

பட்டினப்பாலைக்குத் தனி இழை தொடங்குங்களேன், புண்ணியமாகப் போகும். மருத்துவர் சொன்ன 'குளம்பழற்சி'யையே போட்டுவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் லேமினைடிஸ் இருக்கும்.

---

என் மறுப்பைப் பதிவு செய்க. அது சரி, அந்த அழுகல் நோய்க்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்?