படித்து முடித்த பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்திருக்கிறதா?

தொடங்கியவர்:
வெளிநாட்டில் முதுகலை முடித்து மூன்றே மாதம். கல்விக்கடனுக்கு முதல் தவணைகூடக் கட்டவில்லை. அதற்குள் நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து போன். பேசியது அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். எந்த ஊரில் இருக்கிறீர்கள், என்ன வேலை, எந்த நிறுவனம் என்று பத்து நிமிடம் அன்பாக விசாரித்துவிட்டு, கடைசியில் நூறு டாலர் நன்கொடை கேட்டார். முடியாது என்றேன். ஐம்பது? அதுவும் முடியாது. "சரி, ஐந்து டாலராவது?" சிரித்துவிட்டேன். அவ்வளவு கட்டணம் வாங்கியவர்களுக்கு என் ஐந்து டாலர் எதற்கு? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1:
போனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசும் வேலையை நான் இரண்டு வருடம் பார்த்தவன், படிக்கும்போது கைச்செலவுக்காக. ஐந்து டாலருக்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் பட்டியலில், பழைய மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் நன்கொடை தருகிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் இருந்தது. எவ்வளவு கொடுத்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை, எத்தனை தலை என்றுதான் பார்த்தார்கள். 2023இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் இன்றைக்கு ஐந்து கொடுத்துப் பழகியவர்தான் இருபது வருடம் கழித்துப் பெரிதாகக் கொடுப்பார் என்ற கணக்கு எங்கள் அலுவலகத்தில் எப்போதும் இருந்தது.

அப்புறம், அந்தப் பத்து நிமிட அன்பு. எங்கள் கணினித் திரையில் மூன்று கட்டங்கள் இருக்கும்: முகவரி, வேலை, நிறுவனம். பணம் வராவிட்டால் பரவாயில்லை, கட்டம் காலியாக இருந்தால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். வெளிநாட்டு மாணவர்கள்தான் பெரிய தலைவலி. ஊர் மாறும், நம்பர் மாறும், கல்லூரி மின்னஞ்சலைப் பாதிப் பேர் திறப்பதே இல்லை. அப்படிக் காணாமல் போனவர்களில் எவர் நாளைக்கு என்ன ஆவார் என்று தெரியாதே. ஹாங்காங்கைச் சேர்ந்த ஜெரால்ட் சான் ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் படித்தவர். 2014இல் அவர் குடும்பத்து அறக்கட்டளை அந்தப் பள்ளிக்கு 35 கோடி டாலர் அறிவித்தது. பள்ளிக்கு இப்போது அவருடைய அப்பாவின் பெயர்.

மறுமொழி 2:
நான் காசு கொடுத்ததே இல்லை, சனிக்கிழமைகளைக் கொடுக்கிறேன். என் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளை அவரவர் நாட்டிலேயே பழைய மாணவர்கள் சந்தித்துப் பேசி அறிக்கை அனுப்ப வேண்டும். கல்லூரிக்கு ஆள் அனுப்பும் செலவு மிச்சம்! போன வருடம் ஒரு பெண், என் கேள்விகளுக்கெல்லாம் மனப்பாடமாகப் பதில் சொல்லிவிட்டு, "முதல் வருடம் அழுதீர்களா?" என்று கேட்டாள். அழுதேன் என்றேன். அதற்கப்புறம்தான் இருவரும் ஒழுங்காகப் பேசினோம். இடம் கிடைத்தும் அவள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள், அது வேறு கதை. எனக்கு நன்றிச் சான்றிதழ் வந்தது, பெயரைத் தப்பாக அடித்து.

மறுமொழி 3:
வேலை தேடி அலைந்த காலத்தில் எங்கள் பழைய மாணவர் பட்டியலிலிருந்து முப்பது பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். நான் இருந்த நாட்டின் பழைய மாணவர் கிளைக்கு ஒரு இணையப் பக்கம் இருந்தது. அதில் கடைசிப் படம் நாலு வருடப் பழசு. கிளையை நடத்தியவர் வேறு நாட்டுக்கு மாறிப் போயிருந்தார், அவரோடு கிளையும் போய்விட்டது. கடைசியில் உதவியது விடுதி நண்பர்களின் வாட்ஸாப் குழு. ஆனால் வேலை கிடைத்ததை லிங்க்டினில் போட்ட ஒரே வாரத்தில் கல்லூரியின் பழைய மாணவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்: சேர்க்கைக் கையேட்டில் போட உங்கள் படமும் நாலு வரியும் வேண்டுமாம். கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

மறுமொழி 4:
கூடுதலாக ஒன்று. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அமெரிக்காவில் தனி அறக்கட்டளை அமைப்புகளே வைத்திருக்கின்றன. அங்கே வரி கட்டும் பழைய மாணவர்கள் அதன் வழியாகக் கொடுத்தால் வரிச்சலுகை உண்டு. கடல் தாண்டிக் கேட்பவர்கள் அதற்கு வழியும் போட்டுத்தான் கேட்கிறார்கள்.

தொடங்கியவர்:
மறுமொழி 1ஐப் படித்ததும்தான் உறைத்தது. ஐந்து டாலர் தரவில்லை என்று இத்தனை நாள் பெருமையாக இருந்தேன். மூன்று கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனை வைத்திருக்கிறேன்.