ஊர்ப்பேரில் ஒரே ஓர் எழுத்து: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

தோப்புக்கானா:
மாமனார் கடைக்குப் புது போர்டு. ஆர்ட்டிஸ்ட் ஏணியில் நின்று 'ஆர்க்காடு' என்று எழுதி முடித்துவிட்டார். கீழிருந்து மாமனார், "யோவ், ஆறு ரிஷி, ஆறு காடு. பெரிய 'ற' போடுய்யா!" அவரும் மறுபேச்சில்லாமல் டர்பன்டைன் துணியால் 'ர்க்'கைத் துடைத்தார். நீலம் வழிந்து 'கா' மேல் இறங்கியது. 'ஆர்' என்றால் ஆத்தி மரம், நற்றிணையிலேயே 'ஆர்க்காடு'தான். எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணமாகி ரெண்டே மாதம். வாயைத் திறக்கவில்லை.

பாலாற்றங்கரை:
மாமனார் சொன்னதில் என்ன தப்பு? வன்னிவேடு, காரை, புதுப்பாடி என்று அந்த ரிஷிகள் கோயில் இன்னும் இருக்கே. ஷடாரண்யம், அதாவது ஆறு காடு என்றே பேர். சிவராத்திரிக்கு ஆறையும் சுற்றினேன், நாலாவதில் செருப்பு போச்சு.

காட்பாடி பாசஞ்சர்:
கோயில் இருக்கு, சரி. ஆனால் ஆறு என்ற எண் இப்படிச் சேரும்போது குறுகுமே? அறுசுவை, அறுபடை மாதிரி 'அறுகாடு' என்றல்லவா வரணும்!
என் கதை வேறு. தாத்தா குடியாத்தத்தில் சலூன் வைத்திருந்தார். மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டர் "பார்பர்ஸ் பிரிட்ஜ்" என்று கத்தியதும் எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம தொழிலுக்கு வெள்ளைக்காரன் பாலமே கட்டியிருக்கான்டா!" அது ஹாமில்டன் பாலம். நம் வாயில் அமட்டன், அம்பட்டன் என்றாகி, அதைத் திருப்பி இங்கிலீஷில் பெயர்த்ததுதான் பார்பர். இப்போது அம்பேத்கர் பாலம். இதைத் தாத்தாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேனோ. அப்புறம் ஊர் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

விஷாரம் பாய்:
எங்க அத்தா ஹாம்பர்கர் என்ற பேரைக் கேட்டதுமே தட்டைத் தள்ளிவிட்டார், 'ஹாம்' என்றால் பன்றியாச்சே என்று. அது ஹாம்பர்க் என்ற ஊர்ப்பேர். அவரைச் சொல்லி என்ன, அமெரிக்காக்காரர்களே தப்பாக வெட்டித்தானே மிச்சத்தில் சீஸ் பர்கர் செய்தார்கள்.
தோப்புக்கானா தம்பிக்கு ஒன்று. மாமனாரிடம் நேராகப் போகாதீங்க. முதலில் மாமியார். அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம், மக்கன் பேடா வாங்கிக்கொண்டு. நற்றிணையை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம், படித்த திமிர் என்பார்கள். பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கு என்று கேளுங்க, அரசாங்கமும் 'ற'தான் போடுது, அதனால்...

தோப்புக்கானா:
பாய், நான் யோசனை கேட்கவே இல்லையே! போர்டு இன்னும் தொங்குது. ரெண்டு எழுத்து இருந்த இடத்தில் ஒரு 'ற்'. அதற்கும் 'கா'வுக்கும் நடுவில் ஓர் எழுத்து அளவுக்குச் சந்து.