நிலுவை இடுகைகள்: செய்திக்குழு மென்பொருளுக்கான சில கலைச்சொற்கள்

இணைப்பு இல்லாத நேரத்தில் எழுதிச் சேர்த்துவைத்த செய்திக்குழு (பலர் மடல் எழுதி உரையாடும் பொதுக் குழு) மடல்களை, இணைப்புக் கிடைத்ததும் வேறோர் இடத்திலுள்ள செய்தி வழங்கிக்கு (அம்மடல்களைச் சேமித்துப் பிறருக்குத் தரும் சர்வருக்கு) அனுப்பும் செயலைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்பதே கேள்வி. ‘வரிசையிலுள்ள கட்டுரைகளைத் தொலை வழங்கிக்கு அனுப்புதல்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்துவிடலாம். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் வரிசை, கட்டுரை, தொலை, அனுப்புதல் ஆகிய நான்கு சொற்களும் உள்ளே நடப்பதிலிருந்து சற்றே விலகி நிற்கின்றன என்பது என் கருத்து.

முதலில் வரிசை. இச்சொல்லுக்கு மாற்றாகச் ‘சாரை’ என்பதையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எறும்புகள் சாரை சாரையாகப் போவதில் முன்பின் என்ற ஒழுங்கு இருக்கிறது. தரவுக் கட்டமைப்புப் பாடத்தில், முதலில் வந்தது முதலில் வெளியேறும் அமைப்புக்கு அது பொருந்தும். செய்திக்குழுவிலோ அந்த ஒழுங்குக்கு மதிப்பே இல்லை. ஒவ்வொரு மடலுக்கும் உலகில் வேறு எதற்கும் அமையாத ஓர் அடையாளம் உண்டு. மறுமொழி எழுதுபவர், தாம் எந்த மடலுக்கு மறுமொழி தருகிறார் என்பதை அந்த அடையாளத்தைச் சுட்டியே தெரிவிக்கிறார். ஆகவே மறுமொழி முதலில் போய்ச் சேர்ந்து மூல மடல் பின்னால் வந்தாலும் உரையாடலின் இழை கெடுவதில்லை. இங்கே முதன்மையான செய்தி, இவை இன்னும் போகவில்லை, போகவேண்டியிருக்கின்றன என்பது மட்டுமே. அதற்கு நாம் நாள்தோறும் பயன்படுத்தும் சொல் ‘நிலுவை’. வழக்கு நிலுவையில் உள்ளது, கோப்பு நிலுவையில் உள்ளது என்று சொல்லும்போது யாரும் வரிசை எண்ணைக் கேட்பதில்லை. நிலுவை என்றாலே கட்டவேண்டிய பாக்கி நினைவுக்கு வரும் என்ற தடை எழலாம். ஆனால் ‘நிலுவைத் தொகை’ என்று தொகையைச் சேர்த்துச் சொன்னால்தான் பணம் வருகிறது. ‘நிலுவை மடல்’ என்றால் யாருக்கும் பணம் தோன்றாது.

அடுத்தது கட்டுரை. செய்திக்குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட்டின் ஆவணங்கள் தொடக்கம் முதலே இந்தப் பொருளுடைய சொல்லையே கையாண்டு வருவதால் அதை அப்படியே பெயர்க்கும் ஆசை இயல்பானதுதான். எனினும் ‘ஆம், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற ஒற்றை வரியைக் கட்டுரை என்று அழைக்கத் தமிழ்க் காது இடங்கொடாது. ‘மடல்’ மின்னஞ்சலுக்கு நிலைபெற்றுவிட்டது, இரண்டையும் ஒரே நிரலில் கையாளும் மென்பொருள்களில் குழப்பம் வரும். ‘செய்தி’ என்றால் குழுவின் பெயரிலேயே அது இருக்கிறது. ‘இடுகை’ போதும்.

‘தொலை வழங்கி’யைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: அந்த வழங்கி அடுத்த அறையில்கூட இருக்கலாம், தூரம் இங்கே பொருட்டல்ல. தொலைபேசியில் சொல்வதுபோல் ‘மறுமுனை வழங்கி’ என்றால் தெளிவு.

உண்மையான சிக்கல் வினைச்சொல்லில்தான் இருக்கிறது. 1986இல் ஆர்.எஃப்.சி. என்னும் இணைய ஆவண வரிசையில் 977 ஆக வெளிவந்து, 2006இல் ஆர்.எஃப்.சி. 3977 ஆகப் புதுப்பிக்கப்பட்ட, செய்திக்குழு இடுகைகளைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கான என்.என்.டி.பி. நெறிமுறை, இந்த ஒரே செயலாகத் தோன்றுவதற்கு இரண்டு வெவ்வேறு கட்டளைகளை வைத்திருக்கிறது. எழுதியவரின் மென்பொருள் பயன்படுத்துவது ‘போஸ்ட்’. வழங்கி 340 என்று மறுமொழி தந்தால் இடுகையை அனுப்பலாம். அனுப்பி முடித்தபின் 240 வந்தால் பெற்றுக்கொண்டது, 441 வந்தால் ஏற்கவில்லை. ஒரு வழங்கி இன்னொரு வழங்கிக்குத் தருவதற்கு உரியது ‘ஐஹேவ்’. அது தன்னிடமுள்ள இடுகையின் அடையாளத்தை மட்டும் முதலில் சொல்கிறது. மறுமுனை 335 என்றால் அனுப்பலாம். 435 என்றால் வேண்டாம், 436 என்றால் பிறகு முயலலாம். அனுப்பிய பின்னரும் 235 என்ற ஏற்பும் வரலாம், 437 என்ற மறுப்பும் வரலாம், மறுபடியும் 436ம் வரலாம்.

இதில் 435 என்ற மறுமொழியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பல அண்டை வழங்கிகளிடமிருந்து இடுகைகளைப் பெறும் ஒரு வழங்கி, நாம் சொல்லும் இடுகையை ஏற்கெனவே வேறு வழியில் பெற்றிருக்கக்கூடும். அப்போது அது வேண்டாம் என்கிறது. நம் பக்கத்தில் அந்த இடுகை நிலுவையிலிருந்து நீங்கிவிடுகிறது. ஆனால் அது அனுப்பப்படவே இல்லை. நம் மென்பொருளின் பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதினால் அது பொய். ‘தோல்வி’ என்று எழுதினால் அதுவும் பொய். எனவே எழுதியவர் செய்வதையும் வழங்கிகள் தமக்குள் செய்வதையும் ஒரே சொல்லால் குறிக்கக் கூடாது என்பதை வலியுறுத்துகிறேன். பின்னதை ‘வழங்கியிடைப் பரிமாற்றம்’ எனலாம். இதற்கு ‘ஊட்டம்’ (ஃபீட்) என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்குக் காரணம், ஊட்டுபவர் ஒருவர், உண்பவர் ஒருவர் என்று அது பிரித்துவிடுவதே. அண்டை வழங்கிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று தந்து வாங்கும் ஏற்பாடே இங்கே பொதுவானது. ‘ஓடை’யோ வலைத்தளங்களின் செய்தியோடைக்குப் போய்விட்டது.

எழுதியவர் பக்கத்துக்கு வருவோம். ‘அனுப்பு’ என்பது நம் கையைவிட்டுப் போனதை மட்டும் சொல்கிறது. மறுமுனை வாங்கிக்கொண்டதா என்பதைச் சொல்லவில்லை. ‘வெளியிடு’ மிகையாகச் சொல்கிறது: மட்டுறுத்தப்படும் (ஒருவர் பார்த்து ஒப்பியபின்பே இடுகை தோன்றும்) குழுவானால் வழங்கி பெற்றுக்கொண்ட இடுகை மட்டுறுத்துநருக்குப் போகுமே தவிர உடனே குழுவில் தோன்றாது. இரண்டுக்கும் இடையில் ‘ஒப்படை’ என்ற சொல் சரியாக அமர்கிறது. ஒப்படைத்தல் என்பதில் கொடுப்பவரும் வாங்குபவரும் அடங்கியிருக்கிறார்கள். வாங்குபவர் கை நீட்டாதவரை ஒப்படைப்பு முடிவதில்லை. வாங்கியபின் அவர் அதை என்ன செய்வார் என்பதைப் பற்றிச் சொல் எதுவும் உறுதி கூறவில்லை.

இது வெறும் சொல்நயம் அன்று. இடுகை முழுவதும் போய்விட்டது, ஆனால் 240 வந்து சேர்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது என்று கொள்வோம். அனுப்பியாயிற்றா என்றால் ஆயிற்று. ஒப்படைத்தாயிற்றா என்றால் தெரியாது. மென்பொருள் அதை நிலுவையிலிருந்து எடுத்துவிட்டால் இடுகை தொலைந்துபோகலாம், மீண்டும் அனுப்பினால் குழுவில் இரட்டிப்பாகலாம். மீண்டும் அனுப்புவதற்குமுன் இடுகை போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கவேண்டும், அல்லது முதலில் இட்ட அடையாளத்தையே மறுபடியும் இடவேண்டும் என்று 3977 அறிவுறுத்துவது இதனால்தான். அடையாளம் ஒன்றாக இருந்தால் வழங்கியே இரண்டாவதைத் தள்ளிவிடும். அனுப்புதல், ஒப்படைத்தல் என்ற வேறுபாட்டைத் தமிழில் வைத்திருந்தால், ‘அனுப்பப்பட்டது, ஒப்படைப்பு உறுதியாகவில்லை’ என்று இந்நிலையை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

பொத்தானில் ‘ஒப்படை’ என்று இருந்தால் பயனர் திகைப்பார் என்ற தடை நியாயமானது. பொத்தான் பயனரின் எண்ணத்தைச் சொல்லும் இடம். அங்கே ‘நிலுவை இடுகைகளை அனுப்பு’ என்றே இருக்கட்டும். நடந்துமுடிந்ததை அறிவிக்கும் இடத்தில் ‘ஒப்படை’ வரட்டும்: ‘4 இடுகைகள் ஒப்படைக்கப்பட்டன, 1 ஏற்கப்படவில்லை, 2 நிலுவையில் உள்ளன.’ ஆவணங்களில் செயலின் பெயர் ‘நிலுவை ஒப்படைப்பு’.

இணைப்பு எப்போதும் இருக்கும் காலத்தில் நிலுவைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். யூஸ்நெட் 1979இல் கருக்கொண்டபோது, யூ.யூ.சி.பி. என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக ஒரு கணினி இன்னொரு கணினியைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் தந்துவிட்டுத் துண்டிக்கும். அன்று எல்லா இடுகைகளும் நிலுவை இடுகைகளே. இன்றும் லீஃப்நோட், எஸ்.எல்.ஆர்.என்.புல் போன்ற சிறு மென்பொருள்கள் எழுதியதைத் தனி அடைவில் (கோப்புறையில்) வைத்திருந்து, அழைக்கும்போதுதான் மறுமுனைக்குத் தருகின்றன.

அந்த மென்பொருள்கள் ஏற்கப்படாதவற்றை வேறோர் அடைவுக்கு நகர்த்திவிடுகின்றன என்பதால் அதற்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. ‘தோல்வியுற்றவை’ என்பதைவிட ‘ஏற்கப்படாதவை’ பொருந்தும் என்பேன். ஏற்க மறுத்தது மறுமுனை, எழுதியவர் திருத்தி மீண்டும் நிலுவையில் சேர்க்கலாம். ‘திரும்பியவை’ என்ற மாற்றும் சொல்லப்படுகிறது, ஆனால் இடுகை எங்கும் போய்த் திரும்பவில்லை, அதன் படி முதலிலிருந்தே நம் வட்டில்தான் இருக்கிறது.